படித்துறைக்கு மேலே ஓர் ஊர்

பவானி கூடுதுறையில் பவானி ஆறும் காவிரியும் கலக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் அங்கே சேர்வதாக ஐதிகம். ஆடி அமாவாசையன்று சங்கமேசுவரர் கோயில் படித்துறையில் எள்ளும் நீரும் இறைத்துவிட்டு முங்கி எழுபவர்களுக்குக் கணக்கில்லை. அந்தத் தண்ணீர் மேட்டுப்பாளையத்தையும் சத்தியமங்கலத்தையும் கடந்து வந்தது. இனி ஈரோட்டுக்கும் கரூருக்கும் திருச்சிக்கும் போகப்போவது. நீராடுகிற ஒவ்வொருவருக்கும் மேலே ஓர் ஊர் உண்டு, கீழேயும் ஓர் ஊர் உண்டு. ஆற்றைத் தெய்வமாகக் கும்பிடுகிற நாட்டில் சாக்கடையும் அதே ஆற்றில் விழுவது எப்படி வழக்கமாயிற்று? பக்தி குறைந்துவிட்டது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழுக்கை என்னைவிட்டுத் தள்ளிவிடுவதே தூய்மை என்று நாம் நம்பியதுதான் காரணம்.

வீட்டைக் கழுவி அழுக்குநீரைத் தெருவில் தள்ளினால் வீடு சுத்தம். தெருவிலிருந்து வாய்க்காலில் தள்ளினால் தெரு சுத்தம். வாய்க்கால் ஆற்றில் விழுந்தால் ஊரே சுத்தம். அழுக்கு எங்கும் அழியவில்லை, கைமாறியது, அவ்வளவுதான். அதைத் தொட்டு அள்ளியவர்களின் மேல் தீட்டையும் ஏற்றினோம். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் சுமார் 7,237 கோடி லிட்டர். சுத்திகரிக்கப்பட்டது சுமார் 2,024 கோடி லிட்டர்தான். மிச்சமெல்லாம் யாரோ ஒருவருடைய படித்துறைக்கு மேலே விடப்பட்டது.

சுத்திகரிப்பு நிலையம் இதற்கு நேர் எதிரான தூய்மையைக் காட்டுகிறது. அங்கே அழுக்கை அடுத்த ஊருக்கு அனுப்புவதில்லை, நிறுத்திவைத்து மாற்றுகிறார்கள். காற்றூட்டும் தொட்டியில் பழுப்பு நிறத்தில் நுரைக்கும் நீரிலிருந்து ஒரு லிட்டரைக் கண்ணாடி உருளையில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைத்துப் பார்ப்பது அங்கே வழக்கமான சோதனை. கழிவைத் தின்று வளர்ந்த நுண்ணுயிர்கள் திரிதிரியாய்த் திரண்டு அடியில் படிய, மேலே தெளிந்த நீர் நிற்கும். அழுக்கோடு பொறுமையாக இருந்து பெற்ற தெளிவு அது.

ஓடுகிற தண்ணீருக்குத் தோஷமில்லையே என்று கேட்கலாம். ஓரளவுக்கு உண்மைதான், ஆற்று நீரில் கரைந்த பிராணவாயுவும் நுண்ணுயிர்களும் கழிவைச் சிதைக்கின்றன. நிலையத்தில் நடப்பதும் ஆற்றின் அதே வேலைதான். ஆனால் கோடையில் ஆறு ஓடையாய்ச் சுருங்கும்போது சாக்கடை சுருங்குவதில்லை. தெய்வத்தை அழுக்கு தொடுமா என்ற கேள்வி இன்னும் ஆழமானது. தொடாது என்றே வைத்துக்கொள்வோம். கருவறைத் தெய்வத்தையும் அழுக்கு தொடாதுதான். அதற்காக அபிஷேகத்துக்குச் சாக்கடை நீரை யாரும் எடுத்துச் செல்வதில்லை. தூய நீர் தெய்வத்தின் தேவை அல்ல, வணங்குபவரின் ஒழுக்கம். மனு நூலும் புத்த பிக்குகளின் விநய விதிகளும் நீரில் மலம் கழிப்பதை விலக்கியது அந்த ஒழுக்கத்தைக் கருதித்தான். இது அரசாங்கத்தின் வேலை என்பவர்களுக்கும் பாதி நியாயம் உண்டு. நிலையம் கட்டுவது அரசின் கடமை. கழிவறைக் குழாயை மழைநீர் வடிகாலில் செருகுவதும், பாதாளச் சாக்கடைக்கு இணைப்புப் பெறத் தயங்குவதும் வீட்டுக்காரரின் செயல்.

கோபுரத் திருப்பணிக்கு ஊர் கூடி நிதி திரட்டுகிறோம். அதே ஊர் கூடித் தன் சுத்திகரிப்பு நிலையம் தினமும் ஓடுகிறதா என்று நகராட்சியைக் கேட்பதும் திருப்பணிதான். கீழே இருக்கும் ஊர் முங்கி எழத் தகுந்த நீரை அனுப்பாதவரை, ஆற்றைத் தெய்வம் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.