டிரான்ஸ்பார்மரை எங்கே வைப்பது?

பெரம்பலூர் மாவட்டத் தலைநகர். ஆனால் ரயில் கிடையாது. ரயில் பிடிக்க வேண்டுமென்றால் அரியலூருக்கோ திருச்சிக்கோ பஸ் ஏற வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற ஒருவன், மாடி அறையில் ப்ளைவுட் பலகை போட்டு அரியலூர் ஸ்டேஷனைக் கட்டிப் பொம்மை ரயில் ஓட்டுகிறான் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். எனக்கு இருக்கிற சிக்கல் வேறு. ஞாயிற்றுக்கிழமை சைவ சித்தாந்த வகுப்பில் கேட்கிற கேள்வியேதான் இந்தப் பலகை முன்னாலும் வந்து நிற்கிறது. ஓட்டுகிறவர் எங்கே இருக்கிறார்?

முதலில் தொழில் பேச்சு. 230 வோல்ட் பலகை மேல் ஏறக்கூடாது; பிள்ளைகள் கை வைக்கிற இடம் அது. டிரான்ஸ்பார்மர் தனியே இருக்க வேண்டும், 12 வோல்ட் டி.சி. மட்டும்தான் தண்டவாளத்துக்குப் போக வேண்டும். டிரான்ஸ்பார்மரைப் பலகையிலேயே திருகி வைத்தால், அதன் தகடுகளின் உறுமல் ப்ளைவுட்டில் இறங்கி, வீணைக் குடத்தில் ஏறுகிற மாதிரி பெருகிவிடும். இன்ஜின் சும்மா நிற்கும்போதும் விரல் நுனியில் அது தெரியும். சரி, பலகைக்கு அடியில் ஒளித்து நாலு பக்கமும் அடைத்துவிடலாமா? சூடு போக வழியிருக்காது. வார்னிஷ் வாசனை வந்துவிட்டால் காயில் போயிற்று என்று அர்த்தம். சிவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று என்கிறார்கள். அவருக்குக் காயில் சூடாவதில்லை போலும். எங்கோ தூரத்தில் வைத்தாலும் தொல்லைதான். மெல்லிய ஒயரில் நீளமாக ஓடினால் வோல்ட் இறங்கி, கடைசி வளைவில் இன்ஜின் தள்ளாடும். அதற்காகப் பலகைக்கு அடியில் தடித்த ஒயரை முழு நீளமும் ஓட்டி, சில அடிக்கு ஒரு இணைப்பு மேலே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

வகுப்பில் குயவன் உதாரணம் வரும். பானைக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். 13ஆம் நூற்றாண்டில், சித்தாந்தத்தின் மூலநூலான சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு சூத்திரங்களில் தந்த மெய்கண்டார் பெண்ணாகடத்தில் பிறந்து திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தவர் என்பது வரலாறு. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகிற கார்டு லைனில் இரண்டு ஊர்ப் பெயரிலும் ஸ்டேஷன் உண்டு, அரியலூருக்கு முன்னால். அதனாலேயே எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். ஆனால் குயவன் பானைக்கு வெளியே நிற்கிறவன். சந்தைக்கு அனுப்பிவிட்டால் அவனுக்கும் பானைக்கும் கணக்கு முடிந்தது. பாடம் அதோடு நின்றிருந்தால் நான் ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்திருப்பேன். இறைவன் உயிரோடு ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்கிறான் என்று அடுத்து வந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பலகையிலும் அதே கேள்விதான். பழைய டி.சி. முறையில் ஒரே தடத்தில் இரண்டு இன்ஜின் நின்றால், கண்ட்ரோலரின் குமிழைத் திருகியதும் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். அவற்றுக்கென்று எதுவும் கிடையாது. டி.சி.சி. முறையில் தண்டவாளத்தில் எந்நேரமும் மின்சாரம் முழுசாக நிற்கும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் டீகோடர் என்று ஒரு சின்ன சர்க்யூட்; அதற்கு ஒரு எண். தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். நிஜ ரயில் இன்னும் ஒரு படி மேலே. அரியலூர் வழியாகப் போகிற மின்சார இன்ஜின், மேல்கம்பியிலிருந்து கூரைமேல் பேண்டோகிராஃப் வழியாக 25,000 வோல்ட்டை எடுத்து, அதைக் குறைக்கிற டிரான்ஸ்பார்மரையும் தானே சுமந்து போகிறது.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் உள்ளுக்குள் வேதாந்தி. இதைக் கேட்டதும் துள்ளினார். "அப்படிச் சொல்லுங்க தம்பி, உள்ளே இருக்கிறதுதானே ஓட்டுது!"

"ஐயா, பேண்டோவைக் கம்பியிலிருந்து இறக்கிட்டா அந்த டிரான்ஸ்பார்மர் வெறும் செம்பும் இரும்பும்தானே?" என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

உள்ளே, வெளியே என்று இப்படியே பேசிக்கொண்டிருக்கலாம், மருதையாறு என்று ஒன்று இல்லாவிட்டால். 1956 நவம்பர் 23, விடியும் முன்னே. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்துக்குள் விழுந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நீராவிக் காலம் அது. விசை இன்ஜினிலேயே இருந்தது, ரெகுலேட்டர் டிரைவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தும் பாலம் தாங்கவில்லை. பெரியவர்கள் வினை என்பார்கள். சித்தாந்தமும் வினைக்கு இடம் கொடுக்கிறது, படித்துத்தான் இருக்கிறேன். ஆனால் தூங்கிக்கொண்டே போனவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே ராத்திரியில் வினை பழுத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதே வருடம் மகபூப்நகர் ரயில் விபத்துக்குப் பிறகு ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார். சாஸ்திரி மேல் குற்றமில்லை, ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்று சொல்லி நேரு ஏற்றுக்கொண்டார். டெல்லியில் இருந்தவருக்கும் மருதையாற்று வெள்ளத்துக்கும் என்ன ஒயர் இணைப்பு? இருந்தும் அவர் தன்னை அங்கே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார். கடவுளிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். எங்கிருந்து ஓட்டினால் என்ன, கவிழ்ந்த இடத்துக்கு வர வேண்டும். அமைச்சருக்காவது பதவி விலக வழியுண்டு. கடவுளுக்கு அந்த வசதியும் கிடையாது, அவர் ஆற்றிலேயே நின்றாக வேண்டும்.

ஆகவே என் ஏற்பாடு இது. டிரான்ஸ்பார்மர் சுவரோரம் தனி ஸ்டாண்டில், காற்றுப் படுகிற இடத்தில். கண்ட்ரோலரை ஸ்டேஷனுக்கு எதிரே வைப்பதுதான் வழக்கம்; ஷண்டிங் அங்கேதான், கப்ளிங் சேர்கிறதா என்று குனிந்து பார்த்து ஓட்ட வேண்டும். நான் பாலத்துக்கு எதிரே வைத்தேன். 1:87 அளவில் ஒரு கிலோமீட்டரே பதினொன்றரை மீட்டர் ஆகிவிடும், என் அறை தாங்காது. அதனால் மருதையாறு அரியலூர் பிளாட்பாரம் முடிகிற இடத்திலேயே ஓடுகிறது. என் கை இரண்டரை அடிக்கு மேல் எட்டாது. பலகையும் அவ்வளவே அகலம். ஒரு கை குமிழில் இருக்க, மறு கையால் கவிழ்ந்த பெட்டியை எடுத்து நிறுத்தலாம்.

தமிழாசிரியர் ஒரு நாள் வந்து பார்த்தார். பெட்டி கவிழ்ந்ததையும் நான் எடுத்து வைத்ததையும் கவனித்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, முதல்ல ஏன் கவிழ விடறீங்க?" என்றார். வளைவில் ஒரு தண்டவாள இணைப்பு மயிரிழை ஏறி நிற்கிறது. அரம் போட்டு ராவ வேண்டும்.