எழுந்து போக முடியாத அவை

"ஐயா, பள்ளி விழாவுக்கு வரும் விருந்தினர் கடவுளைப் பற்றிப் பேசினால் தப்பா?" என்று கேட்டார் சீடர். புதிதாக ஆசிரியப் பணிக்கு வந்தவர். ஆண்டு விழாவுக்குப் பேச்சாளரைத் தேடும் பொறுப்பு அவரிடம் வந்திருந்தது.

"அசோக் நகரில் நடந்தது நினைவிருக்கிறதா?" என்றார் குரு.

இருந்தது. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை அசோக் நகர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு அழைக்கப்பட்ட ஒரு பேச்சாளர், உடல் குறைபாட்டோடு பிறப்பதற்கு முற்பிறவிப் பாவமே காரணம் என்று மாணவிகளிடம் பேசினார். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து தட்டிக்கேட்டார். மேடையில் இருந்தவரோ அவரோடு மல்லுக்கு நின்றார். காணொளி பரவியது, பேச்சாளர் கைதானார்.

"அது புண்படுத்திய பேச்சு. யார் மனமும் நோகாமல் ஒருவர் பிரார்த்தனை செய்தால்?"

நல்ல கேள்வி என்று குருவின் முகம் மலர்ந்தது. 1989இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ஓர் அரசுப் பள்ளி, படிப்பு நிறைவு விழாவில் பிரார்த்தனை செய்ய யூத மதகுரு ஒருவரை அழைத்தது. எம்மதத்தாருக்கும் பொதுவாக அது அமைவதற்காகத் தலைமையாசிரியர் ஒரு வழிகாட்டி நூலையும் கொடுத்திருந்தார். பிரார்த்தனையும் மென்மையாகவே இருந்தது. ஆனாலும் ஒரு மாணவியின் தந்தை வழக்குத் தொடுத்தார்.

"அவர் வேறு மதத்தவரோ?"

"இல்லை தம்பி, அவர்களும் யூதக் குடும்பம்தான். தன் மதமா பிற மதமா என்பதல்ல அவர்கள் வழக்கு."

லீ எதிர் வைஸ்மன் எனப்படும் அவ்வழக்கில், 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்தப் பிரார்த்தனை செல்லாது என்றது. விழாவுக்கு வருவது கட்டாயமில்லையே என்ற வாதம் எடுபடவில்லை. வாழ்நாளில் ஒருமுறை வரும் விழாவை விட்டுவிட்டு ஒரு பிள்ளை வீட்டில் இருப்பதை விருப்பத் தேர்வு என்று சொல்ல முடியாது. சுற்றிலும் எல்லோரும் எழுந்து நிற்கையில் அவள் மட்டும் உட்கார்ந்திருக்கவும் முடியாது என்று நீதிபதி கென்னடி கருதினார்.

"நம் சட்டமும் இதைத் தொடுகிறது" என்றார் குரு. அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மத போதனை கூடாது என்கிறது. உதவிபெறும் பள்ளியில், பாதுகாவலர் சம்மதமின்றிச் சிறுவரை அதில் ஈடுபடுத்த முடியாது.

"அப்படியானால் வள்ளலாரைப் பற்றிக்கூடப் பேசக் கூடாதா?" சீடரின் குரலில் வருத்தம் தெரிந்தது.

"தாராளமாகப் பேசலாம். மதங்களைப் பற்றி அறிவது வேறு, மத போதனை வேறு என்று 2002இல் அருணா ராய் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமே பிரித்துக் காட்டியது. 1867இல் வடலூரில் அவர் தருமச்சாலை தொடங்கிய கதையை எல்லாப் பிள்ளைகளும் கேட்கட்டும். கண்ணை மூடிக் கும்பிடுங்கள் என்று பேச்சாளர் சொல்லத் தொடங்கினால், அது பள்ளியின் வேலை அல்ல."

"மேடையேறும் மாணவியே கடவுளுக்கு நன்றி சொன்னால்?"

குரு சற்று யோசித்தார். "டெக்சஸில் ஒரு பள்ளி, கால்பந்தாட்டத்துக்கு முன் பிரார்த்தனை சொல்ல மாணவர்களே வாக்களித்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்படி செய்தது. 2000இல் அதுவும் செல்லாது என்றாகிவிட்டது. ஒலிபெருக்கியும் பள்ளியுடையது, ஏற்பாடும் பள்ளியுடையது. நீயும் நிகழ்ச்சி நிரலில் 'இறைவணக்கம்' என்று அச்சடித்து அவளை நிறுத்தினால் அதே கதைதான். 'என் பள்ளி நாட்கள்' என்று தலைப்புக் கொடு. அவள் முருகனுக்கோ மாதாவுக்கோ அல்லாவுக்கோ நன்றி சொல்லட்டும், யாருக்குமே சொல்லாமலும் இறங்கட்டும். குறுக்கே போகாதே."