புறம்போக்கும் ரசிகனும்

ஒரு பாட்டு எதனால் நமக்கு அந்நியமாகிறது? சொல் புரியாததால் என்பது வழக்கமான பதில். 1941-ல் அண்ணாமலைநகரில் மாநாடு கூட்டிய தமிழிசை இயக்கத்தின் முக்கிய வாதமும் இதுவே. ஆனால் தெலுங்குக் கீர்த்தனைகளை அர்த்தம் தெரியாமலே தலைமுறைகளாகக் கேட்டு, அவற்றோடு சௌகரியமாகவே இருந்துவருகிறோம்.

2017 ஜனவரியில் வெளியான ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ அந்தப் பதிலைக் குலைக்கிறது. கேபர் வாசுகி எழுதி, ஆர். கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக அமைத்து, டி. எம். கிருஷ்ணா பாடியது. எண்ணூர்க் கழிமுகம் ஆலைகளாலும் சாம்பலாலும் அழிவது அதன் விஷயம். பேச்சுத்தமிழ், அகராதி வேண்டாம். கச்சேரியில் கேட்டபோது ஆனந்தபைரவி பழகிய மனுஷியாக வந்தாள். சொல்தான் அந்நியமாக நின்றது, புரிந்துவிட்ட காரணத்தாலேயே.

வங்கியில் எனக்குப் புறம்போக்கு என்பது அடமானத்துக்கு ஆகாத நிலம். தெருவில் அது வசவு. ஆதியில் வரிக்கணக்குக்குப் புறம்பாய் விடப்பட்ட ஏரி, கரை, மேய்ச்சல், ஊருக்குப் பொது. ஒருவனுக்கும் சொந்தமில்லாதது ஒன்றுக்கும் உதவாதது என்று பொருள் திரிந்ததில் நம் ஒழுக்கத்தின் சரித்திரமே இருக்கிறது.

ராகம் இந்தச் சொல்லை மீட்கிறதா, சாம்பலை இனிமையாக்கிவிடுகிறதா? கலை பிரசாரமாகிவிட்டது என்பது ஒரு கட்சி. துயரம் கேளிக்கையாகிவிட்டது என்பது மறு கட்சி. இரண்டுமே பாடகனை விசாரித்துக் கேட்பவனை விடுதலை செய்துவிடுகின்றன.

எண்ணூர் வடக்கே இருக்கிறது என்று தாம்பரத்துக்காரன் தப்ப முடியாது. பள்ளிக்கரணைச் சதுப்பில் ஒரு பகுதியைப் பெருங்குடிக் குப்பைமேடு விழுங்கியிருக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூர் வீடுகளுக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்தது. தென்புறநகர் மனைகளில் எத்தனை ஏரிப்படுகைகள் என்பது இங்கு குடியிருக்கும் யாரும் உரக்கக் கேட்காத கேள்வி.

ரசிகன் என்ற சொல்லில் இதுவரை பொறுப்பு ஏதும் இருந்ததில்லை. தலையசைத்தால் போதும். இந்தப் பாட்டு அவனைச் சொக்கவும் வைக்கிறது, கூண்டிலும் ஏற்றுகிறது. ராகத்தை எடுத்துக்கொண்டு குற்றச்சாட்டை விட்டுவிடுகிறவனும், குற்றச்சாட்டுக்காக ராகத்தைப் பொறுத்துக்கொள்கிறவனும் பாதிப் பாட்டைத்தான் கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே செவியில் தாங்குவது கஷ்டம். அந்தக் கஷ்டத்தைக் கைதட்டலில் கரைத்துவிடாமல் வீடுவரை கொண்டுபோவதுதான், இன்றைக்கு, கேட்பதன் அறம் என்று தோன்றுகிறது.