கட்டாயம் வேண்டி நின்றோர்

சட்டத்தின் கட்டாயத்திலிருந்து விலக்குப் பெற விழைவது மனித இயல்பு. ஆயின், தமக்கு அளிக்கப்பட்ட விலக்கை நீக்கி, 'எங்களையும் கட்டாயத்துக்கு உட்படுத்துங்கள்' என்று கேட்ட பெற்றோரும் சிங்கப்பூரில் இருந்தனர். அக்கோரிக்கையில் ஆழ்ந்த அறக்கேள்வி ஒன்று அடங்கியுள்ளது.

2000இல் இயற்றப்பெற்ற கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையைத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பத் தவறுவது குற்றமாயிற்று. உடலாலோ அறிவு வளர்ச்சியாலோ இயலாமையுற்றுப் பொதுப்பள்ளியில் பயில முடியாத பிள்ளைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இதனை இரக்கமெனக் கொள்வாரும் உளர். ஆனால், கட்டாயம் என்பது இருபுறமும் பிணிக்கும் கயிறு. பிள்ளையை அனுப்பும் கடமை பெற்றோரைப் பிணிக்குமாயின், இடமும் ஆசிரியரும் தரும் கடமை அரசைப் பிணிக்கும். ஒரு முனையை அவிழ்த்தால் மறுமுனையும் நெகிழும்.

சிறப்புப் பள்ளிகள் இல்லாமல் இல்லை. இன்று மைண்ட்ஸ் என வழங்கும் சங்கம் 1962இலேயே தோன்றியது. ஆட்டிசமுடைய பிள்ளைகளுக்கென 2004இல் பாத்லைட் பள்ளி எழுந்தது. தொண்டமைப்புகள் நடத்த, அரசும் பொருளுதவி செய்தது. ஆயினும், அருளால் கிடைப்பது வேறு. உரிமையால் கிடைப்பது வேறு. அருளைப் பெற்றவர் நன்றி கூறலாம். குறை கூற நாணுவர்.

நம்மவரிடையே இன்னொரு தடையும் உண்டு. சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் முன் கண்ணீர் மல்க நிற்கும் தாயிடம், 'எல்லாம் தலையெழுத்து' என்று ஆறுதல் சொல்கிறோம். ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்ததை அந்நேரம் மறந்துவிடுகிறோம். வேண்டுதலோடு அமையாது விண்ணப்பமும் எழுதும் தாய், ஊழை மறுப்பவள் அல்லள், முயற்சியை விடாதவள்.

தன் பிள்ளைக்காகக் கேட்பது தன்னலமன்றோ எனச் சிலர் வினவலாம். ஆட்டிசமுடைய மகனின் தாயாகிய டெனிஸ் புவா, 2006இல் நாடாளுமன்றம் புகுந்து இத்தகைய பிள்ளைகளுக்காகப் பலகாலும் வாதாடினார். 2016இல் அரசு தன் முடிவை அறிவித்தது. 2019 முதல் சிறப்புத் தேவை மிகுந்த பிள்ளைகளும் சட்டத்தின் எல்லைக்குள் வந்தனர். 2000இல் ஏழு வயதாயிருந்த பிள்ளைக்கு அப்போது வயது 26! முதலில் கேட்ட பெற்றோர் பெற்றது யாதுமில்லை; பெற்றவை பிறர் பிள்ளைகளே. தன் குழந்தையின் பெயரால் தொடங்கி, முகமறியாக் குழந்தைக்குப் பயனாய் முடிவதைத் தன்னலம் என்பது தகுமோ?

சட்டம் பள்ளிக் கதவைத் திறக்கும். உள்ளே வந்த பிள்ளையை 'நம் பிள்ளை' என்று ஏற்பது சட்டத்தால் ஆவதன்று. அஃது ஆசிரியர், மாணவர் நெஞ்சங்களில் இயற்றப்பட வேண்டிய சட்டம். அதில் விலக்கு எவருக்கும் இல்லை.