சொல்லுக்கு உரியவர் யார்?

மன்திக் என்னும் தருக்கக் கலையை ஓதத் தொடங்கும் மாணவன் முதலில் மனனம் செய்யும் வரைவிலக்கணங்களுள் ஒன்று, மனிதன் ‘ஹயவானுன் நாத்திக்’ என்பது. பேசும் உயிரினம் என்று அதனை எளிதாகத் தமிழாக்கிவிடுகிறோம். அப்படியானால் பேச்சு வராத குழந்தை அவ்விலக்கணத்துக்குப் புறம்பானதா? என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இவ்வையத்தை எழுப்பினார். மூளை முடக்குவாதத்தால் நாவும் கைகளும் வசப்படாத தம்பி அவருக்கு இருந்தான்.

தருக்க அறிஞர்கள் ‘நுத்க்’ என்ற சொல்லுக்கு நாவின் ஓசையைப் பொருளாகக் கொள்ளவில்லை. பொதுமைகளை உணரும் அறிவையே கொண்டனர். ஃபிக்ஹு அறிஞர்களும் இதனை நடைமுறையில் ஏற்றனர். உதுமானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ என்னும் சட்டநூல், ஊமையின் அறியப்பட்ட சைகைக்கு நாவின் கூற்றுக்குள்ள வலிமையை அளிக்கிறது. ஆனால் சைகைக்கும் கை வேண்டுமே! கையும் வசப்படாதவன் என் செய்வான்?

இவ்வினாவுக்கு விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1897-இல் செர்னோவிட்சு நகரில் பிறந்த சார்லஸ் பிளிஸ், நாஜிகளின் வதைமுகாம்களில் அடைபட்டு, விடுதலை பெற்று ஷாங்காய் சென்றவர். அங்கே சீன எழுத்துகளைக் கண்டு, நாடுகள் யாவும் படிக்கத்தக்க குறியெழுத்தொன்றை ஆக்கி 1949-இல் ஆஸ்திரேலியாவில் வெளியிட்டார். நாடுகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1971-இல் டொரான்டோவில் உடற்குறையுடைய குழந்தைகளுக்கான நிலையமொன்றில் ஷெர்லி மெக்நாட்டனும் அவர்தம் தோழர்களும் அக்குறிகளைப் பலகையில் வரைந்து வைத்தனர். அதுவரை வாய்திறவாத குழந்தைகள் குறிகளைச் சுட்டி வாக்கியம் அமைத்தனர். பிளிஸ் முதலில் மகிழ்ந்தார். ஆசிரியர்கள் குறிகளை மாற்றுகின்றனர் என்று பின்னர்ச் சினந்தார். பிணக்கு வளர்ந்து, 1982-இல் உரிமம் வழங்கும் உடன்பாட்டில் முடிந்தது. சொல்லை ஆக்கியவர் பெரியவர்தாம். ஆயினும் அதனைச் சுட்டிய கணத்தில் அது குழந்தையின் உடைமையாகிவிடவில்லையா?

இன்று பலகையின் இடத்தில் கையடக்கக் கணினி வந்திருக்கிறது. படத்தைத் தொட்டால் குரல் ஒலிக்கிறது. சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ என்னும் செயலி தமிழிலும் பேசுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1990-களில் அமெரிக்காவில், உதவியாளர் குழந்தையின் கையைத் தாங்கிக்கொள்ள, விசைப்பலகையில் அழகிய வாக்கியங்கள் பிறந்தன. பெற்றோர் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர். பின்னர் உதவியாளருக்கு ஒரு படமும் குழந்தைக்கு வேறொரு படமும் காட்டிச் சோதித்தபோது, உதவியாளர் கண்ட படத்தின் பெயரே அச்சாயிற்று! அம்முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லையென அமெரிக்க உளவியல் சங்கம் 1994-இல் அறிவித்தது. உதவியாளர்களிற் பலர் வஞ்சகர் அல்லர், அன்பு மிக்கவர்களே. தம் சொல்லைக் குழந்தையின் சொல்லாகக் கண்டது அவ்வன்பின் மயக்கம்.

ஒருவனைப் பேசவிடாமல் விடுவது அநீதி. அவன் பெயரால் நாம் பேசுவதும் அநீதியே. பிறர் சொல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைக் குறைக்கவும் கூட்டவும் நமக்கு உரிமை இல்லை. ஆகவே பலகையில் எச்சொற்களை வைக்கிறோம் என்பதும் அறத்தைச் சார்ந்த வினாவாகிறது. தண்ணீர், சோறு, கழிப்பறை ஆகியவற்றை மட்டும் வைத்தால் குழந்தையை இரப்பவனாக்கிவிடுகிறோம். மறுக்கவும் சினக்கவும், ‘நீங்கள் சொல்வது தவறு’ என்று நம்மைத் திருத்தவும் அதற்குச் சொல் வேண்டும்.

அம்மாணவரின் தம்பிக்கும் பிற்காலத்தில் ஒரு பலகை கிடைத்தது. முதல் வாரத்தில் அவன் மிகுதியாகச் சுட்டியது ‘வேண்டாம்’ என்பதையே. தாய் கலங்கிப்போனார். “இத்தனை ஆண்டுகளில் என் பிள்ளை எதையும் வேண்டாமென்று சொன்னதில்லையே, ஹஜ்ரத்!” என்றார்.

சொல்ல வழியிருந்ததா, தாயே என்று கேட்க என் நா எழவில்லை. அவரே சற்று நேரம் மௌனமாயிருந்தார், பிறகு அழுதார். கேளாமல் ஊட்டிய கவளங்கள் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.