அந்த முகத்தை ஏன் மூடுகிறோம்?

மேலுதடு பிளந்தபடி ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், வீட்டில் எழவேண்டிய முதற் கேள்வி "பிள்ளை பால் குடிக்குதா?" என்பதுதான். எம்மிடையே எழுவதோ வேறு. "கிரகணத்தன்று கத்தி பிடித்தாளோ?" "இது எந்தப் பக்கத்துப் பரம்பரை?" முல்லைத்தீவுக் கரையோரமாயினும், கிளிநொச்சியின் வயற் குடியேற்றமாயினும், வவுனியா நகரமாயினும் கேள்வி மாறுவதில்லை. கேட்பவர் மாமியோ பெரியம்மாவோ; தலைகுனிபவள் பிள்ளை பெற்று இரண்டு நாளும் ஆகாத தாய்.

வாசகரே, மருத்துவம் சொல்வதைச் சற்றுக் கேளுங்கள். இரு பக்கமிருந்தும் வளர்ந்துவரும் பாகங்கள் ஒன்றுசேர்வதனாலேயே கருவில் முகம் உருவாகிறது. மேலுதடு சேர்வது கர்ப்பத்தின் 4ஆம் வாரத்துக்கும் 7ஆம் வாரத்துக்கும் இடையில். தான் கர்ப்பிணி என்பதே பல பெண்களுக்கு அப்போது உறுதியாகத் தெரியாது. ஆறாம் மாதத்துக் கிரகணத்தில் மீன் வெட்டியதால், என்றோ முடிந்துவிட்ட வேலை எப்படிக் கெடும்? பரம்பரை, சிலவகை மருந்துகள், புகைத்தல், தாயின் நீரிழிவு எனச் சில காரணங்கள் அறியப்பட்டுள்ளன. ஆயினும் பெரும்பாலான பிள்ளைகளில் இன்னதுதான் காரணம் என்று எவராலும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. உலகில் ஏறக்குறைய 700 பிள்ளைகளுக்கு ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ பிளவுடன் பிறக்கிறது.

அருளப்பர் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தைத் தவக்காலப் பூசையில் கேட்டிருப்பீர்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீடர் கேட்டதும் எங்கள் மாமியின் கேள்வியையே: பாவம் இவனுடையதா, பெற்றோருடையதா? ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். அத்தோடு நிற்கவுமில்லை. மண்ணைக் குழைத்துக் கண்ணிற் பூசி, சீலோவாம் குளத்துக்கு அனுப்பினார். "கடவுள் தந்த முகத்தை டாக்டர் மாற்றலாமா?" என்று தயங்குவோர் அந்தச் சேற்றை நினைத்துப் பார்க்கட்டும்.

அதே அதிகாரத்தில் நாம் கவனியாமல் விடுவது அவனுடைய பெற்றோரை. பரிசேயர் விசாரித்தபோது, செபக்கூடத்திலிருந்து தள்ளிவிடுவார்களோ என்று அஞ்சி, மகன் வயதுவந்தவன், அவனையே கேளுங்கள் என ஒதுங்கிக்கொண்டார்கள். பிள்ளை பார்வை பெற்ற நாளிற்கூட அவன் பக்கத்தில் நிற்க ஊர்ப்பயம் அவர்களை விடவில்லை.

எங்கள் ஊர்ப்பயம் வேறு வடிவில் வரும். துவாயால் முகத்தை மூடிக் கிளினிக்குக்குத் தூக்கிச் செல்வோம். "ஒப்பரேசன் முடியட்டும், பிறகு ஞானஸ்நானம் குடுப்பம், படமும் வடிவாய் வரும்" என்போம். இதிலே தீய எண்ணம் இல்லை. பிள்ளையை எவரும் பரிகசிக்கக்கூடாது என்ற பாசமே இருக்கிறது. இருந்தும் நான் இதற்கு உடன்படேன். உதட்டை வழக்கமாகத் தைப்பது 3 மாதம் முதல் 6 மாதத்துக்குள். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமோ, பிறந்த முதற் சில வாரங்களுக்குள்ளேயே ஞானஸ்நானம் கொடுப்பிக்கப் பெற்றோரைக் கடமைப்படுத்துகிறது. பிளந்த உதட்டோடு அந்தப் பிள்ளையை ஆண்டவர் தம் மகவாக ஏற்கக் காத்திருக்க, நாம் தையல் காயட்டும் என்கிறோம். பெயர் வைக்குமுன்பே அதற்கு நாம் சொல்லும் செய்தி என்ன?

இதற்கு மறுபுறமான தவறும் உண்டு. ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லி வைத்தியத்தைக் கைவிடுவது. 1984இல் இங்கிலாந்திலிருந்து மைக்கல் மார்ஸ் என்ற பல்சீரமைப்பு நிபுணர் ஒரு குழுவுடன் காலிக்கு வந்து பணி தொடங்கியபோது, வளர்ந்த பின்னும் பிளவு மூடப்படாத பலரைக் கண்டார். பதின்ம வயதிலே அண்ணத்தை மூடியபோது பேச்சு பெரும்பாலும் திருந்தவில்லை என்று அவர்களைப் பற்றி 1990இல் வெளியான ஆய்வு கூறிற்று. அண்ணப் பிளவை ஏறக்குறைய ஒரு வயதளவில் மூடவேண்டும் என்பது இதனாற்றான். போர்க்காலத்தில் ஏ9 பாதை மூடிக்கிடந்தபோது தாமதித்த வன்னிப் பெற்றோரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. 2009இன் பின் அந்தத் தடை இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணமும் இல்லை. எங்கே போவது என்பதைக் குடும்பநல மாதுவிடம் கேட்டால் வழிகாட்டுவார். பஸ் காசும் இழக்கும் நாட்கூலியும் மெய்யான தடைகள்தாம். பங்கிலுள்ள வின்சென்ட் டி போல் சபையார் இதையும் தங்கள் வேலையாக எடுக்கலாமே.

அதுவரை பிள்ளை எடை ஏறவேண்டும். உதடு மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் மார்பிலேயே குடிக்கும். அண்ணமும் பிளந்திருந்தால் உறிஞ்ச வராது. தாய்ப்பாலைக் கறந்து, பிள்ளையை நிமிர்த்தி வைத்து, கோப்பையாலோ கரண்டியாலோ சிறுகச் சிறுகக் கொடுத்து, அடிக்கடி ஏவறை விடச் செய்யவேண்டும். ஒரு தடவைக்கே நெடுநேரம் பிடிக்கும். தந்தையரே, இரவில் ஒரு முறையாவது அந்தக் கரண்டி உங்கள் கையில் இருக்கட்டும். மாமியாரே, மருமகள் அந்த நேரம் கண்ணயரட்டும்.

ஞானஸ்நானத்தன்று படமும் எடுங்கள், துவாயை விலக்கி. பத்து வயதில் ஒரு நாள் அந்தப் பிள்ளை கண்ணாடியில் தன் தழும்பைத் தொட்டுப் பார்த்து, "அம்மா, பிறக்கேக்க நான் எப்பிடி இருந்தனான்?" என்று கேட்கும். அப்போது எடுத்துக் காட்ட வீட்டில் ஒரு படம் இருக்கவேண்டும்.