ஒரு பக்கெட்டும் மூன்று பிள்ளைகளும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் படிப்பிக்கிறேன். வகுப்பில் அடிக்கடி சோர்ந்து விழும் மாணவன் ஒருவனின் லயத்துக் காம்பராவுக்கு ஒருநாள் போனேன். தாய் திரிபோஷாவைச் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருண்டை பிடித்து, மூன்று பிள்ளைகளுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது எடை குறைந்த கடைக்குட்டிக்காகக் கிளினிக்கில் தந்தது. "சின்னவளுக்கு மட்டும் குடுங்கம்மா" என்றேன்.

"மத்த ரெண்டும் பாத்துக்கிட்டு நிக்குதுங்களே சேர், எப்புடி ஒளிச்சுக் குடுக்கிறது?"

எனக்குப் பதில் வரவில்லை.

1973 இல் தொடங்கிய திரிபோஷாவின் அடிப்படை எளியது. சோளத்தில் புரதம் உண்டு. ஆனால் நம் உடல் தானாக ஆக்கிக்கொள்ள முடியாத லைசின், டிரிப்டோபன் என்ற கூறுகள் அதில் போதாது. அந்தக் குறையைச் சோயா நிரப்புகிறது. ரொட்டியோடு பருப்புச் சேர்வதும் இதே கணக்குத்தான்.

குறையைச் சோள விதைக்குள்ளேயே தீர்க்க முயன்றவர்களும் உண்டு. 1960களில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் லைசின் மிகுந்த சோளம் கண்டறியப்பட்டது. 1971 இல் இந்தியா சக்தி, ரத்தன், புரோட்டினா என்ற இனங்களை வெளியிட்டது. இத்தகைய சோளத்தின் மணி மிருதுவானது, விளைச்சல் குறைவு, வண்டு எளிதில் அரிக்கும். அதனால் அது நிலைக்கவில்லை. மெக்சிக்கோவில் சுரிந்தர் வாசலும் எவாஞ்சலினா விலேகாஸும் நெடுங்காலம் உழைத்து அதைக் கடின மணியாக்கினர். 2000 இல் உலக உணவுப் பரிசு பெற்றனர். அதில் லைசினும் டிரிப்டோபனும் ஏறக்குறைய இரு மடங்கு. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத நன்மைக்குச் சந்தை எளிதில் விலை தருவதில்லை.

நம் நாட்டுச் சோளத்தின் பெரும்பகுதி கோழித் தீவனமாகிறது. தீவன ஆலையில் லைசின் கணக்குப் பார்ப்பர், குறைந்தால் சேர்ப்பர். கோழி இளைத்தால் நட்டம் முதலாளிக்கு. கோதுமை மா ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயுமாக வளரும் பிள்ளையின் தட்டுக்கு யார் கணக்குப் பார்க்கிறார்கள்? 2022 இல் தரமான சோளம் கிடைக்காமல் திரிபோஷா உற்பத்தியே தடைப்பட்டது.

அந்தப் பக்கெட் சின்னவளுக்குரிய அமானிதம் என்றே முதலில் நினைத்தேன். பங்கு போட்டதால் அவள் எடை கூடாமற் போகலாம் என்பதும் உண்மையே. ஆனால் ஒரு பிள்ளைக்கென அளந்ததை நீதியாகப் பகிர்ந்தது தாயின் குற்றமா? பசித்திருந்த மூவரில் ஒருவரை மட்டும் எண்ணியது நம் குற்றம்.

எல்லோரும் உண்ணும் தானியத்திலேயே நன்மை இருந்தால் எந்தத் தாயும் ஒளித்துக் கொடுக்க வேண்டியதில்லை. நல்ல விதையின் சிறப்பு அதுதான். ஆனால் முட்டையும் பாலும் வாங்கப் போதிய கூலியை மறுப்பதற்கு அந்த விதை சாக்காகிவிடவும் கூடாது.

அந்த அறிவுரையை நான் பிறகு எந்தத் தாய்க்கும் சொன்னதில்லை.